ஒரு கோழி, இரண்டு ஒட்டுச்சீட்டு

ஐஸ்பெட்டி அக்காவைத் தெரியாத கறிக்கடைக்காரர் கிடையாது. வாரம் இரண்டு நாள் தோளில் பெட்டியோடு வருவாள். கடைக்கு ஒரு கோழி வாங்கிப் பையில் அடைத்து, கடை எண் அச்சடித்த சீட்டை ஒட்டி, நாலு மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பாள். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு; ஊரில் இந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். "ஊர்க் கோழியெல்லாம் என் பொண்டாட்டி தோள்லதான் போகுது. வீட்டுக்கு ஒரு எலும்பு வருதா பாருங்க" என்று சைக்கிள் கடை வைத்திருந்த அவள் கணவன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் குறைப்படுவான்.

கூடத்தில் அந்தக் கறியிலிருந்து கிருமிகளை வளர்ப்பார்கள். எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்கும் அசையாமல் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. உறைபெட்டியில் கிடந்த பழைய கிருமிகளைக்கூட எடுத்துப் படித்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் இருப்பதும் ஒரு கடைக் கறியில் இருப்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா, ஒன்றுவிட்ட சொந்தமா என்று அது சொல்லிவிடும். சீட்டை எங்கே நின்று ஒட்டினார்கள் என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறித்தது. பாலத்துக்கு அந்தப்பக்கக் கடைக்குப் போக நாற்பது படி ஏறி இறங்க வேண்டும். இந்தப்பக்கக் கடையில் வாங்கிய கோழியையே இரண்டாக வெட்டச் சொன்னாள். பாதிக்கு இந்தக் கடையின் சீட்டு, மீதிக்கு அந்தக் கடையின் சீட்டு. கோழி கோழிதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் ஏழு பேர் காய்ச்சலோடு படுத்தார்கள். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. கூடத்தின் தலைமை டாக்டரம்மா அவளைக் கணினித் திரைக்கு முன்னால் கூப்பிட்டாள். எந்தக் கிருமி எதற்குச் சொந்தம் என்று காட்டும் மரம் ஒன்று புள்ளிகளும் கோடுகளுமாகத் தெரிந்தது.

"பாத்தீங்களாக்கா? ஏழு பேர்கிட்டயும் இருக்கிற அதே கிருமி, நீங்க கொண்டுவந்த ரெண்டு கடைக் கறியிலயும் இருக்கு. ரெண்டு கடையும் வேற வேற பண்ணையில வாங்குறாங்க. அப்ப பண்ணை மேல தப்பு இல்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா ஐஸ் போடுற கம்பெனிதான்!"

இரண்டும் ஒரே கோழி என்று அக்காவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்" என்று டாக்டரம்மா தோளைத் தட்டினாள். வந்த சொல்லை மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஐஸ் கம்பெனியை மூடினார்கள். சுவர், குழாய், தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் துடைத்துச் சோதித்தும் ஒன்றும் அகப்படவில்லை. பண்ணை வண்டி மட்டும் தினமும் காலையில் இந்தப்பக்கக் கடைக்குக் கோழி இறக்கிக்கொண்டே இருந்தது. ஏழு ஒன்பதானது. பத்தாவதாகப் படுத்தது அடுத்த தெருத் தையல்காரி. அக்காவுக்கு ஜாக்கெட் தைப்பவள்.

அன்று மதியம் கணவனிடம் சொன்னாள். அவன் டியூபுக்குக் காற்றடிப்பதை நிறுத்தினான்.

"சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத. படிச்சவங்க, அவங்களே கண்டுபிடிப்பாங்க."

"எப்படிங்க கண்டுபிடிப்பாங்க? நான் ஒட்டுன சீட்டை நம்பித்தானே தேடுறாங்க."

அவன் மறுபடியும் பம்பை எடுத்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு. வேறொருவர் இந்தப்பக்கக் கடைக்குக் கோழி போடும் பண்ணைக்குப் போய் மாதிரி எடுத்துவந்தார். ஒன்பதாம் நாள் அங்கேயே அந்தக் கிருமி அகப்பட்டது. பண்ணையை மூடினார்கள். தையல்காரி நாலாம் நாளே போய்விட்டாள். ஒரு மாதம் முன்னாலேயே வாயைத் திறந்திருந்தால் அவள் இன்று மெஷின் மிதித்துக்கொண்டிருப்பாள் என்று அக்கா சுவரைப் பார்த்து அழுதாள்.

பத்தாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த ஒரு தடவைதானா?"

ஆமாம் என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒருவேளை வேலைகூடத் தங்கும்.

"இல்லம்மா. ஏழெட்டுத் தடவை இருக்கும்."

"எந்தெந்த நாள்?"

"மூணு நாள் ஞாபகம் இருக்கு. மத்தது தெரியல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "மூணைச் சொன்னா கணக்குலருந்து மூணை எடுத்துடலாம். எதுன்னே தெரியாத மிச்சத்துக்கு நான் என்னக்கா பண்றது?"

அக்காவுக்கு வெயிலில் நடந்த நடை, தோளில் வார் அழுத்திக் கறுத்த தழும்பு எல்லாம் நினைவுக்கு வந்தன.

"நான் கொண்டுவந்தது அத்தனையும் எடுத்துடுங்கம்மா."

டாக்டரம்மா அவள் பெயரைத் தட்டித் தேடி ஒரு பொத்தானை அமுக்கினாள். மரத்தில் கறிக்கடைப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக மறைந்தன. பதினோரு வருடத்து நோயாளிகள் மட்டும் திரையில் மிச்சம் இருந்தார்கள். யாருக்கு எங்கிருந்து நோய் வந்தது என்று சொல்ல அங்கே ஒரு கடைகூட இல்லை.