இரண்டாவது பாக்கரி

ஆட்டோவை விட்டு இறங்கும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. சந்து அதே சந்துதான். ஒரு பக்கம் மாவு மில், மறுபக்கம் பஞ்சர் கடை. நடுவில் இருந்த சாப்பாட்டுக் கடையில் மட்டும், நான் ஏழு வருடமாக நினைப்பில் வைத்திருந்த மங்கிப்போன மராத்திப் பலகையைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு புதுப் பலகை. வாழையிலை, இலையில் சோறு, சோற்றின் மேல் சாம்பார். 'சவுத் இந்தியன் மீல்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அதற்குக் கீழே தமிழில் 'வாங்க சாப்பிடலாம்' என்று வேறு போட்டிருந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து அதிகாலை விமானத்தில் வந்து, ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ஒரு மெஷினைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேன்டீனில் சாப்பிடச் சொன்னவர்களிடம் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, நகர் ரோடு டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் வெந்து, மதியம் இரண்டரைக்குக் கராடியில் வந்து நிற்கிறேன். ஆறு மணிக்குத் திரும்பும் விமானம். இத்தனையும் சாம்பார் சாதத்துக்கா? அது எங்கள் தெருமுனையிலேயே கிடைக்குமே.

நான் வந்தது பாக்கரிக்கு. சோளமாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, உருட்டுக்கட்டை இல்லாமல் கையாலேயே தட்டித் தட்டி வட்டமாக்கி, கல்லில் போட்டு, பிறகு நேராக நெருப்பில் காட்டி எடுக்கிற ரொட்டி. கூடவே பிட்லா. நம் ஊர்ப் பிட்லை இல்லை. கடலைமாவை வெங்காயம் பூண்டோடு கொதிக்கக் கிளறி எடுப்பது. பச்சைமிளகாயையும் பூண்டையும் நசுக்கிய தேச்சா ஓரத்தில். முஷ்டியால் ஒரே குத்தில் உடைத்த வெங்காயம். அவ்வளவுதான் சாப்பாடு. அந்தத் தொழிற்சாலையில் மெஷின்களை நிறுவும் வேலைக்காக நான் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருந்த இரண்டு வருடமும் என்னை மனுஷனாக வைத்திருந்தது அதுதான்.

கடையை நடத்தியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். முன்னால் ஆறு மேஜை, பின்னால் அவர்கள் வீடு, இடையில் சமையலறை. அந்த அம்மாவை எல்லோரும் 'வஹினி' என்பார்கள். அண்ணி என்று அர்த்தம். அங்கே மெனு கிடையாது. இன்றைக்கு என்ன என்று கேட்கிற வழக்கமும் கிடையாது. போய் உட்கார்ந்தால் தட்டு வரும். முதல் பாக்கரியில் பாதியைத் தாண்டுவதற்குள் இரண்டாவது பாக்கரி தட்டில் வந்து விழும். நாம் கேட்க வேண்டியதில்லை. போதும் என்று வாயால் சொன்னால் வஹினியின் காதில் ஏறாது. தட்டுக்குக் குறுக்கே கையை வைத்து மறைக்க வேண்டும், அப்போதும் விரல் இடுக்கில் ஒன்றைச் செருகிவிட்டுப் போவாள். அந்த ஊரில் உபசரிப்பு என்றால் அப்படித்தான்.

அவளுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், நல்ல மழையில், காய்ச்சலோடு போய் உட்கார்ந்தேன். நாக்கு செத்துக் கிடந்தது. ரசம் என்று ஒன்று உண்டு, அது இருந்தால் தேவலை என்றேன். சமையலறை வாசலில் நின்று நான் சொல்லச் சொல்ல அவள் வைத்தாள். புளிக்குப் பதில் கோகம் பழத்தைப் போட்டாள், கேட்காமல் வெல்லம் சேர்த்தாள். இருந்தாலும் குடித்தேன். இந்தக் கதையை ஊரில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். மராத்திக்காரிக்கு ரசம் கற்றுக்கொடுத்தவன் நான்.

கல்லாவில் இருந்த வஹினியின் கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வஹினி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். நரைத்திருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"பாவூ! ஊர்ல எல்லாரும் சௌக்கியமா? உக்காருங்க, உக்காருங்க" என்றாள். தம்பி என்றாலும் அண்ணன் என்றாலும் அங்கே பாவூதான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது என் ஓட்டை இந்தி ஒன்றுதான், அதில்தான் எப்போதும் பேசுவோம்.

தட்டு வந்தது. எவர்சில்வர் தட்டின் மேல் வாழையிலை மாதிரி அச்சடித்த பச்சைக் காகிதம். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகிதத்தின் மேல் சோறு, சோற்றின் மேல் சாம்பார், கிண்ணத்தில் ரசம், ஒரு அப்பளம். சாம்பாரில் தேங்காயும் லவங்கமும் வெல்லமும் மணத்தன. பாக்கரி இல்லை, பிட்லா இல்லை. வஹினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றாள். ஒரு வாய் சாப்பிட்டுத் தலையை ஆட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

பக்கத்து மேஜையில் மூன்று பையன்கள், கழுத்தில் ஐடி கம்பெனி அட்டை தொங்க, தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். "மச்சி, இது சாம்பாராடா? பாயசம்டா" என்றான் ஒருவன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

ஆக, இவர்கள்தான். எனக்குப் புரிந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் அங்கே உள்ளதை ஒதுக்கிவிட்டு சாம்பார் எங்கே, ரசம் எங்கே என்று நச்சரித்து, கடைசியில் ஒரு நல்ல கடையைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டு, அதையும் உட்கார்ந்து நக்கல் அடிக்கிற கூட்டம். அடக்க முடியவில்லை.

"ஏந்தம்பி, இந்த ஊருக்கு வந்து இந்த ஊருச் சாப்பாட்டைச் சாப்பிட்டா என்ன கொறைஞ்சு போயிருவீங்க?" என்று திரும்பி சத்தம் போட்டேன். "உங்களுக்கு சாம்பார் இல்லாம ஒரு வேளை சோறு இறங்காதா? இங்க எப்படி பாக்கரி போடுவாங்க தெரியுமா? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களேடா!"

மூவரும் மிரண்டுபோனார்கள். கண்ணாடி போட்டவன்தான் மெதுவாகச் சொன்னான். "அண்ணா, நாங்க பாக்கரிதான் கேட்டோம். வந்த முதல் நாளே கேட்டோம். அவங்கதான் தர மாட்டேங்கறாங்க. மெட்ராஸ்காரங்களுக்கு அதெல்லாம் ஆகாதுன்னு சொல்லிட்டு சோத்தைக் கொண்டாந்து வைக்கறாங்க."

எனக்கு இப்போது வஹினியின் மேல் கோபம் திரும்பியது. யார் சொன்னது ஆகாது என்று? இரண்டு வருடம் ஒரு மெட்ராஸ்காரன் இதே மேஜையில் உட்கார்ந்து தின்றானே, அதைப் பார்க்கவில்லையா? எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன். கடை மூடும் நேரம், அவர்கள் சாப்பிடும் நேரம். அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது. வஹினி பாக்கரி தட்டிக்கொண்டிருந்தாள். துணி விரித்த கூடையில் மூன்று, ஏற்கெனவே சுட்டு அடுக்கியது. வாணலியில் பிட்லா. எனக்கு வயிறு எரிந்தது.

"இதை ஏன் வெளியே போடறதில்லை? அந்தப் பசங்க கேட்டும் ஏன் தரலை? உங்களுக்கு யார் சொன்னது எங்களுக்கு இறங்காதுன்னு?" என்று படபடவென்று கேட்டேன்.

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. "நீங்கதானே சொன்னீங்க, பாவூ."

"நானா?"

"அந்த மழை நாள்ல. சூடா பாக்கரி வச்சேன், நெய் விட்டு. தட்டைத் தள்ளிட்டீங்க. இந்தக் காஞ்ச ரொட்டியை வேற வழியில்லாம ரெண்டு வருஷமா தண்ணி குடிச்சுத் தண்ணி குடிச்சு முழுங்கறேன், தொண்டையில இறங்கலைன்னு கத்தினீங்க. ஒரு ரசம் வைக்கத் தெரியாதான்னு கேட்டீங்க." அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "எனக்கு அன்னிக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. இத்தனை நாள் ஒரு மனுஷனுக்கு வேண்டாததைத் திரும்பத் திரும்ப வச்சுத் திணிச்சிருக்கேனேன்னு. அதுக்கப்புறம் உங்க ஊர்க்காரங்க யார் வந்தாலும் சோறுதான்."

தட்டைத் தள்ளினேனா? எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மேஜையில் வழுக்கிப் போன தட்டும், தரையில் உருண்ட வெங்காயமும், துடைத்துக்கொண்டே 'ரசம்னா என்ன, சொல்லுங்க' என்று கேட்ட வஹினியுமாக எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. ஏழு வருடமாக ஊரெல்லாம் சொன்ன கதையில் அந்தத் தட்டை மட்டும் நான் விட்டிருக்கிறேன். அந்த நிமிஷம் என் மேல் எனக்கு வந்த கோபம், நாள் முழுதும் வந்த எல்லாவற்றையும் விடப் பெரியது.

"அது காய்ச்சல், வஹினி. பித்துப் பிடிச்ச மாதிரி உளறினது. எனக்கு உங்க பாக்கரி உசுரு. அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றேன். இந்தியில் அது எப்படி ஒலித்ததோ தெரியவில்லை.

"பரவாயில்லை பாவூ, நீங்க சொன்னதும் நல்லதுக்குத்தான். கடை நல்லா ஓடுது" என்றாள்.

நான் போகவில்லை. "ஒண்ணு குடுங்க" என்றேன்.

"வேண்டாம். எங்க மனசு நோகக் கூடாதுன்னு மரியாதைக்குச் சாப்பிடுவீங்க. ரெண்டு வருஷம் அப்படித்தானே சாப்பிட்டீங்க?"

நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். பின்னால் வந்து நின்ற அவள் கணவர், "அட, கேக்கறார் இல்ல" என்று கூடையிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு தட்டில் பிட்லாவும் தேச்சாவும் சேர்த்து வைத்து என் கையில் தந்தார். அங்கேயே சமையலறை மேடையோரம் உட்கார்ந்தேன். அதே பாக்கரி. ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று. அள்ளி அள்ளித் தின்றேன். தேச்சாவை வேண்டுமென்றே அதிகமாகத் தொட்டுக்கொண்டேன். காரம் ஏறி மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. காரத்தால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை அது.

வஹினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கணவரிடம் மராத்தியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அந்த அளவு மராத்தி எனக்குத் தெரியும். 'கஷ்டப்பட்டு முழுங்கறார், பாவம், விடுங்க' என்றாள். ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

பாதி முடிந்தது. முக்கால் முடிந்தது. தட்டுக்குப் பக்கத்தில் எங்கேயும் கையை வைக்காமல், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வாயையும் தின்று, தட்டில் ஒட்டியிருந்த பிட்லாவை வழித்து, அதற்குப் பிறகும் எழுந்திருக்காமல் காத்திருந்தேன். கூடையில் சூடாக இன்னும் இரண்டு இருந்தன. இரண்டாவது பாக்கரி வரவில்லை.