இரண்டு வருசத்து மலாய்

நான்கு வயதில் அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு இந்தியாவிலிருந்து இந்த மலாய் நாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். அம்மாவின் வேலை பெர்மிட் முடிந்தும் இங்கேயே தங்கிவிட்டோம். ஆறாம் வகுப்பில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். காட்ட ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் அத்தோடு சரி. அப்பாவையும் அம்மாவையும் இங்கேதான் எரித்தோம். நான் வந்து முப்பது வருசம்.

ஆனால் என் பாஸ்போர்ட்டைக் கேட்டால், நான் வந்து இரண்டு வருசம்தான். ஏஜெண்ட் ஒருவர் என்னை இந்தியாவுக்கு அனுப்பி, புதுப் பாஸ்போர்ட், புது பெர்மிட் என்று புதுத் தொழிலாளியாகத் திரும்பக் கொண்டுவந்தார். சின்னப் பிள்ளையாக வந்தவர்களுக்கென்று சட்டம் ஏதும் கிடையாதா என்று கிராணியிடம் கேட்டேன். தோட்ட ஆபீஸில் எங்கள் பெர்மிட்டெல்லாம் பார்ப்பவர் அவர்தான்.

“நீ எத்தன வயசுல வந்தேன்னு எவனும் கேக்க மாட்டான் லா. தாள் இருக்கா, அவ்ளோதான்.”

இந்த வருசம் பெர்மிட் புதுப்பிக்க குடிநுழைவு ஆபீஸுக்கு ஆளே நேரில் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதை முழுக்கக் கிராணி காரில் சொல்லிக்கொண்டே வந்தார்: “வாயத் திறக்காத தங்கச்சி. நீ பேசுற மலாய்க்கு ரெண்டு வருசம்னா யாரு நம்புவா? முன்ன பெர்மிட் இல்லாம இருந்தது தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவான். மண்டைய மட்டும் ஆட்டு.”

ஆபீஸில் அதிகாரி எதைக் கேட்டாலும் ஆட்டினேன். கண் மட்டும் என் தாள்களை விட்டு நகரவில்லை. அதிகாரி என் படத்தை எடுத்து, ஒரு பங்களாதேஷ்காரரின் விண்ணப்பப் பாரத்தில் வைத்து ஸ்டேப்ளரால் குத்தப் போனார்.

“துவான், துவான்! அது என் படம்! அந்த ஆளு பாரத்துல போய் குத்துறீங்களே!”

அத்தனையும் மலாய். கம்போங் ராஜா சந்தையில் காய்கறிக்குச் சண்டை போடுகிற மலாய். பின்னால் கிராணி இருமினார்.

அதிகாரி ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். “நீ வந்து எத்தனை வருசம்?”

முப்பது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ரெண்டு, துவான். டிவி பாத்துக் கத்துக்கிட்டேன்.”

என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். “இங்க பாரு, ரெண்டே வருசம்! இங்கேயே பொறந்த சில பேருக்கு இப்படி வராது. கெட்டிக்காரி.”

இன்னும் ஒரு வருசம் கொடுத்தார். மலாய்ப் பாடத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய அடிக்கான பேரெல்லாம் டிவிக்குப் போய்விட்டது.

காரில் ஏறியதும் கிராணி கேட்டார்: “எங்கேர்ந்து தங்கச்சி புடிச்ச அந்த டிவிய? அடுத்த வருசமும் அதையே சொல்லு, மாத்திராத.”

அடுத்த வருசம் மூன்று என்று சொல்ல வேண்டும். மறந்துபோய் முப்பத்தொன்று என்று உளறிவிடக் கூடாதே என்று, ‘மூணு, துவான்’ என்று இப்போதே சொல்லிப் பழகுகிறேன்.