எலிக்கு அடுத்து வார்டன்

போன மாதம் எங்கள் விடுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ் மீட்டிங். பேச வேண்டியவை மூன்று. ஒன்று — வெந்நீர் ஹீட்டர். இரண்டு — எலி. மூன்று — வார்டன்.

வார்டன் என்பது நான்தான்.

எழுபது வயது மனிதனை எலிக்கு அடுத்த இடத்தில் வைத்தால் அவன் அதை எப்படி எடுத்துக்கொள்வது? ஹீட்டருக்கு அடுத்து என்றால்கூடப் பரவாயில்லை. அது சில நாளாவது வேலை செய்கிறது.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மருமகளின் பிரசவத்துக்காக என் மனைவி பிரான்சுக்குப் போயிருக்கிறாள். எனக்குக் குளிர் ஆகாது. முதலியார்பேட்டை வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவானேன் என்று, பழைய மாணவன் ஒருவன் நடத்தும் இந்த வெளிநாட்டு மாணவர் விடுதிக்கு வார்டனாக வந்து சேர்ந்தேன். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய பிரெஞ்சுக்காரர் வீடு. கீழே என் அறை. மாடியில் பதினொரு பேர், ஏழு நாடு, ஒரு ஃபிரிட்ஜ். வாசலில் தினமும் செருப்பை எண்ணுகிறேன். இருபத்தேழு. ஒற்றைப்படையில் எப்படி வரும்? இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என்ன தப்பு செய்தேன்? கேட்டைப் பூட்டும்போது சத்தம் போடுகிறேனா? குழாயை மூடுங்கள் என்று நாலு மொழியில் எழுதி வைத்தேனே... அதுவா?

விஷயத்தைச் சொன்னவள் மீன்கார அஞ்சலை. கனகசெட்டிக்குளத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருபவள். முதலில் எனக்கு, அப்புறம் மாடிக்கு — அதுதான் அவள் ரூட். வெள்ளிக்கிழமை மாடியிலிருந்து இறங்கியவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரே, நீ ஜாதி பாக்குற ஆளாமே?"

யார் சொன்னது என்று கேட்டேன்.

"மேல பேசிக்கினாங்க. கேஸ்ட்டு, கேஸ்ட்டுன்னு அந்த ஜெர்மனிப் பொண்ணு சொல்லிச்சு. அந்த ஒரு வார்த்த கூடவா எனக்குத் தெரியாது? மிச்சத்த அந்த ஈரான் பையன் தமிழ்ல சொன்னான். அவங்க ஆக்குனத நீ தொட மாட்டியாம். வேற ஆளு போடச் சொல்லிக் கேக்கப் போறாங்களாம்."

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "நான் ஆஞ்சி குடுக்குற மீன மட்டும் முள்ளு உடாம சப்பித் துன்ற."

என் கல்யாணமே ஜாதி விட்டு ஜாதி. அதற்காக என் அப்பா ஆறு வருஷம் என்னோடு பேசவில்லை; மாமனார் சாகும்வரை பேசவில்லை. வேலை போனால் போகட்டும். ஆனால் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு எப்படி வீட்டுக்குத் திரும்புவது? மனைவி போன் செய்தால் என்னவென்று சொல்வது — ஜாதி பார்த்ததற்காக விரட்டிவிட்டார்கள் என்றா? அவள் சிரித்தே செத்துவிடுவாள். அல்லது சிரிக்கமாட்டாள். அது இன்னும் மோசம்.

எங்கே பிசகியது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

ஞாயிறுதோறும் மாடியில் எல்லோரும் சேர்ந்து சமைப்பார்கள். யூட்டா என்ற ஜெர்மன் பெண் — ஆறடி உயரம், ஏரித் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி, கடிகாரம் தோற்கும் — என் அறை வாசலில் வந்து நின்று, சாப்பிட வருகிறீர்களா என்று கேட்பாள்.

உங்களைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? இப்போதுதான் சாப்பிட்டேன், வேண்டாம் என்பீர்கள். நானும் அதையேதான் சொன்னேன். அதுதானே முறை? கூப்பிட்டவுடன் எழுந்து போனால், காத்துக் கிடந்தவன் என்றல்லவா நினைப்பார்கள்? அவர்கள் மறுபடி கூப்பிட வேண்டும். நாம் மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுக்க வேண்டும். "சரி, உங்களுக்காக ஒரு வாய்" என்று போய் உட்கார்ந்து, மூன்று ஆள் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும்.

யூட்டா "ஓகே" என்றாள். போய்விட்டாள்.

திரும்பி வருவாள் என்று சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அவள் வந்து ஐந்து ஞாயிறு. ஐந்து அழைப்பு. ஐந்து ஓகே. மேலே நெய்யும் குங்குமப்பூவும் மணக்கும். கீழே எனக்கு ரொட்டியும் வாழைப்பழமும். ஒரு நாள் அவளே செய்த கேக்கைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். வேண்டாம் என்றேன். தட்டோடு திரும்பிவிட்டாள். அதில் ஒன்பது முந்திரி இருந்தது. நான் பார்த்தேன்.

இந்தியாவில் சிலர் அடுத்தவர் சமைத்ததைத் தொடமாட்டார்கள் என்று அவள் எங்கோ படித்திருக்கிறாள். அது பொய்யும் இல்லையே. கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு விடைக்கு வந்துவிட்டாள். விடை தப்பு. ஆனால் வழிமுறையில் குறை சொல்ல முடியாது. என் வகுப்பாக இருந்தால் பாதி மார்க் போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு நானே மாடி ஏறினேன். கூப்பிடாமல்தான். ஹீட்டரை முடித்துவிட்டு எலிக்கு வந்திருந்தார்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எலி காத்திருக்கட்டும், என்னை முதலில் எடுங்கள் என்றேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஜாதிக்கதையை மறுத்துவிட்டு, எங்கள் ஊர் முறையை விளக்கினேன். இங்கே முதல் மறுப்பு கணக்கில் வராது. அது வணக்கம் சொல்வது மாதிரி. இரண்டாவது, நலமா என்று கேட்பது மாதிரி. மூன்றாவதில்தான் பேச்சே ஆரம்பம்.

யூட்டா நெற்றியைச் சுருக்கினாள். "அப்படியானால் சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னது பொய்யா?"

"பொய் இல்லை. மரியாதை."

"அப்போது பசித்ததா?"

"ரொம்ப."

"இதில் யாருக்கு மரியாதை?"

முப்பத்து நாலு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவன் நான். சாக்பீஸைத் தேடுகிறவன் மாதிரி சட்டைப்பையைத் தடவினேன்.

அப்போது மூலையில் ஒருவன் சிரித்தான். பெஹ்சாத். ஈரான் பையன், பார்மசி படிக்கிறான். நாலு வருஷமாக டீக்கடையிலும் அஞ்சலையிடமும் தமிழ் கற்றவன். அதனால் அவன் தமிழில் 'நீங்க' கிடையாது. இவர் சொல்வது உண்மை, எங்கள் வீட்டிலும் இதே நாடகம்தான் என்று எல்லோருக்கும் இங்கிலீஷில் சொன்னான். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழில் ஆரம்பித்தான்.

"பொங்கலன்னிக்கி என்னைத் துன்னக் கூப்ட்டியே வாத்தியாரே, நெனப்பு கீதா?"

இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார் — பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குபவர். அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய சர்க்கரைப் பொங்கல் வந்தது. இவனைக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றான். இன்னொரு தடவை கேட்டேன். வேண்டாம் என்றான். சரி என்று கதவைச் சாத்திக்கொண்டு முழுத் தூக்கையும் நானே காலி செய்தேன்.

"ரெண்டோட நிறுத்திக்கினே. மூணாவது கேப்பன்னு நான் படியிலயே நின்னுக்கினு இருந்தேன்."

மூன்று என்ற கணக்கு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம்தான் என்று நானும் ஒரு விடைக்கு வந்திருக்கிறேன். யூட்டாவாவது எங்கோ படித்துவிட்டு வந்தாள். நான் எதைப் படித்தேன்?

அவன் சொன்னதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தது நான்தான். வேறு வழி? பத்துப் பேர் சிரித்தார்கள். யூட்டா சிரிக்கவில்லை, சட்டம் போட்டாள். இனி இந்த வீட்டில் யாரை எதற்குக் கூப்பிட்டாலும் மூன்று தடவை கேட்க வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். வார்டனை மாற்றும் பேச்சு அதோடு போயிற்று.

சட்டம் உடனே அமலுக்கு வந்தது. யூட்டா என் எதிரில் வந்து நின்றாள்.

"சாப்பிடுகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா?"

மூச்சு விடாமல் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பதினொரு பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். பழக்கதோஷம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அஞ்சலை கேட்ட கேள்வியை நினைத்துக்கொண்டேன்.

"பசிக்கிறது" என்றேன்.

எழுபது வருஷத்தில் அடுத்தவர் சமையலறையில் நின்று நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

பெஹ்சாத் சமையல். அவர்கள் ஊரில் பானையின் அடியில் முறுகிப் பிடித்த சோறுதான் விருந்தாளிக்கு மரியாதையாம். சுரண்டி எடுத்து முழுசாக என் தட்டில் வைத்தான். நம் வீட்டில் அடிப்பிடித்தால் என்ன நடக்கும்? அடுத்த தடவை நடந்தால், இது ஈரானிய மரியாதை என்று சொல்லிப் பாருங்கள்.

இப்போது எனக்கு வேறு கவலை. வயிறு நிஜமாகவே நிறைந்து, போதும் என்றால் நம்ப ஆள் இல்லை. மூன்றாவது 'போதும்' சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கரண்டி விழுந்துவிடுகிறது. ஞாயிறு என்றாலே ஜீரண மாத்திரை.

அடுத்த மீட்டிங்குக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதில் நான் இல்லை. எலி இருக்கிறது. அதை யாரும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை — ஆனாலும் ஒரு வேளை தவறாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது.