மாமி மகளுக்குக் கொடுத்த ரத்தம்

வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றி, முற்றிய நிணநீர்ப் புற்றைக்கூட இப்போது குணமாக்குகிறார்களாம். பேப்பரில் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அறுபதுகளில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் ரத்தம். அதற்கே வீட்டில் அத்தனை ரகளை.

என் அத்தாவின், அதாவது தகப்பனாரின், தங்கையை மாமி என்போம். மாமி மகளுக்கும் எனக்கும்தான் நிக்காஹ் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவள் கழுத்தில் நெறி கட்டியது. உள்ளூர் டாக்டர் அயோடின் தடவியே நாளை ஓட்டினார். அக்குளிலும் உருண்டை திரண்ட பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். புற்று என்றார்கள். கதிர்வீச்சுக் கரண்டு வைத்ததில் கட்டி வற்றியது, கூடவே அவள் ரத்தமும் வற்றியது. சொந்தக்காரர்களையெல்லாம் சோதித்ததில் என் ரத்தம்தான் சேர்ந்தது.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் அப்பு. ஒருத்தி பாலக் குடிச்ச பிள்ளைகளே அண்ணன் தங்கச்சி ஆயிருதுக, கட்டிக்க முடியாது. ரத்தம் அதுக்கு மேல இல்லையா?"

"அவ இருந்தாத்தான மாமி கட்டிக்கிறதுக்கு?" என்று கையை உதறிவிட்டு ரத்தம் கொடுக்கப் போய்ப் படுத்தேன்.

ரத்தம் ஏறியதும் அவள் முகம் தெளிந்தது. ஊருக்குத் திரும்பினோம். ஆனால் மச்சான் என்று கூப்பிட்டவள் அண்ணே என்றாள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேலை பார்த்த தோல் ஷாப்பில் எனக்கு வேலை ஓடவில்லை. பொறுக்கமாட்டாமல் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் சிரித்தார். பாலுக்குத்தான் அந்தச் சட்டம், ரத்தத்துக்குக் கிடையாது என்றார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவளிடம் சொன்னேன்.

"அது எனக்கு முன்னமே தெரியும்ணே. அத்தா கேட்டு வந்து சொன்னாக," என்றாள். "கட்டி மறுபடி வந்துருச்சு. நீங்க வேற எடம் பாருங்க."

நான் பார்க்கவில்லை. சாயங்காலமானால் மாமி வீட்டுக்குப் போவேன், செத்த நேரம் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பேன், வருவேன். யாரிடம் சொல்லி அழுவது?

மழைக்காலத்தில் அவள் மவுத்தானாள். கபரஸ்தானில் குழிக்குள் இறங்கி அவளை வாங்கி வைக்க நானும் கைலியை மடித்துக் கட்டினேன். பெண்ணின் உடலைத் தகப்பன், உடன்பிறந்தவன் மாதிரி, கட்டிக்கொள்ள முடியாத முறையில் உள்ளவர்கள்தான் இறக்குவது எங்கள் வழக்கம். அவள் வாயாலேயே அண்ணன் ஆனவன்தானே நான்?

அவளுடைய அத்தா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தள்ளி நில்லு மாப்ளே. நீ கட்டிக்கிற மொறைக்காரன்."

தள்ளித்தான் நின்றேன். எல்லாரையும் போல மண் மட்டும் போட்டேன்.