ஒரு விசிலுக்கு நிற்கும், இரண்டு விசிலுக்குப் போகும்

இதை எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். போன வாரம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். "உங்க பாதுகாப்புக்கு நீங்க ஒவ்வொருத்தரும் என்ன செய்றீங்க?" என்று கேட்டார். வேலைக்குப் போகும் ஒரு பெண் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினாள். அமுக்கினால் மிளகுத் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமாம். மீன் விற்கும் ஒருத்தி, "நம்ம கடக்காத்துல இத்த அட்ச்சா நம்ம மூஞ்சிக்கேதாம்மே வரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தபோது ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு தையல் கம்பெனியில் எனக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் பிசிறுகளைச் சின்னக் கத்திரியால் வெட்ட வேண்டும். வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பத்தில். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பேருந்து. அங்கிருந்து மின்சார ரயில்.

அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பேசத் தேவையில்லை. தலையைக் குனிந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்போது நிமிர்ந்தால் போதும். சுவரில் பை மாட்ட எனக்கென்று ஓர் ஆணி இருந்தது. எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் ஆணி கிடையாது.

அப்பா இல்லாத வீடு, அதனால் அண்ணன் வைத்ததுதான் சட்டம். வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "போ, வாணாங்கல. ஆனா உம்பேர்ல எதுனா ஒரு பேச்சு எங்காதுல வுழுந்துச்சு, அன்னியோட நின்னுக்க."

அதனால் எனக்கு எது நடந்தாலும் சத்தம் வராமல் நடக்க வேண்டியிருந்தது.

ரயிலில் பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டு. பேருந்தில்தான் தொல்லை. திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் ஏறுவார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கையில் சாப்பாட்டுப் பை. கண்டக்டர் அவருக்கு வணக்கம் சொல்வார். எவ்வளவு இடம் இருந்தாலும் எனக்குப் பின்னால் வந்துதான் நிற்பார். மேற்கொண்டு எழுத வேண்டாம். படிக்கிற பெண்களுக்குத் தெரியும்.

என்னோடு கம்பெனிக்கு வரும் அக்கா ஒருத்தி இருந்தாள். புருஷனை விட்டு வந்தவள், வாய்க்காரி. அவள் எனக்கு ஓர் ஊக்கு கொடுத்தாள். "குத்து. கத்தவும் மாட்டான், சொல்லவும் மாட்டான்." ஒரு நாள் குத்தினேன். பேருந்து குலுங்கியதில் பக்கத்திலிருந்த வேறு யாரோ ஒரு தாத்தாவின் கையில் பட்டுவிட்டது. "இன்னாமோ கட்ச்சிட்ச்சு" என்று அவர் சீட்டுக்கடியில் தேடினார். அதற்குப் பிறகு ஊக்கை எடுக்க எனக்குத் துணிவில்லை.

அடுத்து அக்கா சொன்னாள்: "அண்ணேன்னு கூப்ட்டு சொல்லிப் பாரு. கூடப் பொறந்தவனாட்டம் நென்ச்சா கை வராது." மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னேன். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே." அவர் சிரித்தார். "கும்பல்ல இன்னாம்மா பண்றது தங்கச்சி?" என்றார். அன்றிலிருந்து நான் ஏறும்போதெல்லாம் ஊரறிய "வா தங்கச்சி" என்பார். தங்கச்சி என்று கூப்பிடுகிறவர் பக்கத்தில் நிற்பதை யாராவது தப்பு சொல்வார்களா? நான் கொடுத்த சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார்.

அம்மா மீன் கூடையோடு அதே பேருந்தின் பின்பக்கம்தான் வருவாள். திருக்கழுக்குன்றத்தில் இறங்கிவிடுவாள். மற்ற கூடைக்காரப் பெண்கள் செங்கல்பட்டு வரை வருவார்கள். விவரம் முழுக்கச் சொல்லாமல், கூட்டத்தில் இடிக்கிறார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "கூடைங்களுக்கு நடுவுல போய் நின்னுக்க. நாத்தத்துக்கு ஒருத்தனும் அண்ட மாட்டான்" என்றாள்.

உண்மைதான். ஒரு வாரம் கூடைகளுக்கு நடுவில் நின்றேன். அந்த மனிதர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு முன்னாலேயே நின்றார். அந்த ஒரு வாரம் நான் ஜன்னல் வழியாக ஏரி, வயல், மலைக்கோயில் எல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் மீன் தண்ணீர் தாவணியில் தெறித்திருந்தது. சூப்பர்வைசர் அம்மா ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இது வெளிநாட்டுக்குப் போற துணி. நாளைக்கும் இப்படி வந்தா உள்ள விடமாட்டேன்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் நான் பேருந்தின் முன்பக்கத்துக்கு வந்தேன்.

பிசிறு வெட்டும் கத்திரியைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று அக்காவுக்கு ஆசை. ஆனால் கம்பெனி கேட்டில் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்ப்பார்கள்.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை கம்பெனியில் பெண்கள் பாதுகாப்பு என்று கூட்டம் போட்டார்கள். ஒரு பெண் போலீஸும் ஒரு கராத்தே மாஸ்டரும் வந்தார்கள். மாஸ்டர் கட்டைவிரலைப் பிடித்து மடக்குவது எப்படி, முழங்காலைத் தூக்கி எங்கே உதைப்பது என்று செய்து காட்டினார். கீழே பாய் விரித்திருந்தது.

அக்கா கை தூக்கினாள். "சார், பஸ்ல கால் தூக்கற அளவுக்கு எடம் இருந்தா, அவன் இன்னாத்துக்கு சார் எம்மேல வந்து ஒட்டிகினு நிக்கறான்?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மாஸ்டரும் சிரித்துவிட்டார். பெண் போலீஸ் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் போல் பின்வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, "கத்த வராதவங்க இருப்பீங்க. எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இது" என்று ஆளுக்கொரு பச்சை பிளாஸ்டிக் விசிலைக் கொடுத்தார். "ஊதுங்க. நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. அதுவே போதும்."

எனக்காகவே செய்த பொருள் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அலைச்சத்தத்தில் யாருக்கும் கேட்காத இடமாகப் பார்த்து ஊதிப் பழகினேன்.

திங்கட்கிழமை அவர் ஏறினார். "இன்னா தங்கச்சி, சனிக்கெழம லேட்டா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்து நின்றார். அம்மா இறங்கிப் போயிருந்தாள். ஊர் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் வந்தது. கை வந்தது. நான் விசிலை வாயில் வைத்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு தரம் ஊதினேன்.

பேருந்து நின்றுவிட்டது.

டிரைவர் திரும்பி, "யோவ், இங்க யாருய்யா எறங்கறது?" என்று கத்தினார்.

"நா எங்க அட்ச்சேன்?" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார்.

போலீஸ் அம்மாவுக்கும் தோன்றவில்லை, மாஸ்டருக்கும் தோன்றவில்லை, தினமும் அதிலேயே போய் வரும் எனக்கும் தோன்றவில்லை. பேருந்தில் விசிலுக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது. ஒன்று அடித்தால் நிற்கும். இரண்டு அடித்தால் போகும்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். என் வாயில் விசில் இருந்தது. "ஏம்மா, இது இன்னா கபடி மேட்சா? வெளயாட எடம் இல்ல ஒனக்கு?"

"ரயிலு போய்ட்ச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் ஒருவர்.

"பொம்பளப் புள்ளைக்கு விசிலு கேக்குது" என்றார் இன்னொருவர்.

போலீஸ் அம்மா சொன்னது சரிதான். நாலு பேர் இல்லை, பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் கையை மட்டும் பின்னால் காட்டினேன். முன் சீட்டிலிருந்து அக்கா எழுந்து, "அந்த ஆள கேளுய்யா! டெய்லி அவ பின்னாடிதான் நிக்கறான், அவன கேளு!" என்றாள்.

அவர் அதற்குள் படிக்கட்டுக்குப் போயிருந்தார். "பாவம், கும்பல்ல பயந்துகிச்சு போலகீது. திட்டாதீங்கப்பா" என்றார். பிறகு, "நின்னது நின்னுச்சு, நா இங்கியே எறங்கிக்கறேன். இங்க ஒருத்தர பாக்கணும்" என்று நிதானமாக இறங்கி, சாலையோரமாக நடந்து போனார். நான் ஊதியது அவர் இறங்கிப் போகத்தான் பயன்பட்டது.

கண்டக்டர் என் விசிலை வாங்கித் தன் தோல்பையில் போட்டுக்கொண்டார். "இத்த வச்சிகினு இனிமே வண்டில ஏறாத." தன் விசிலை எடுத்து இரண்டு தரம் அடித்தார். பேருந்து கிளம்பியது.

அன்று பகலெல்லாம் பிசிறு வெட்டினேன். அக்கா தன் சோற்றில் பாதியை எனக்குப் போட்டாள். நான் சாப்பிடவில்லை. கூடைக்காரப் பெண்கள் அந்தப் பேருந்தில் இருந்தார்கள், அவர்கள் மத்தியானமே குப்பம் திரும்பிவிடுவார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணன் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எவன்?"

"பேரு தெரியாதுண்ணே."

"பேரு தெரியாத ஒருத்தனுக்கு ஊருக்கே தெரியற மாதிரி ஊதுனியா?"

அண்ணி உள்ளேயிருந்து, "அது இன்னா பண்ணும்? ஊதாம இருந்தா மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ கம்னு கெட. எல்லாம் எங்கைல வந்து கேக்கறானுங்க. ஒந் தங்கச்சி பஸ்ஸ நிறுத்திட்டாளாமே, கண்டக்டரு வேல கெட்ச்சிட்ச்சான்னு. நா மூஞ்ச எங்க வச்சிகினு கரைக்குப் போறது?"

"கூடைங்க நடுவுல நில்லுன்னு சொன்னனா இல்லியா?" என்றாள் அம்மா. நாற்றத்துக்கு வேலை போய்விடும் என்று நான் சொல்லவில்லை. இப்போது அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அண்ணன் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. சிக்கலைப் பிரித்துக்கொண்டே, "நின்னுக்க" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பெண்கள் பாதுகாப்புக்கென்று எத்தனையோ வந்துவிட்டன. குப்பத்துப் பெண்களும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள். எல்லாம் சத்தம் போடும் பொருள்கள்தான். சத்தம் கேட்ட பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் போன வாரக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. அந்த மிளகு டப்பா வைத்திருந்த பெண்ணின் அண்ணன் என்ன மாதிரி ஆள் என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் அப்படிச் சொன்ன மறுநாள் காலை நான் வேலைக்குப் போகவில்லை. அம்மாவுக்காகக் கருவாட்டை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். பேருந்து வந்து நின்றது. இரண்டு விசில் கேட்டது. போய்விட்டது.