அண்ணி ஊட்டினால் மட்டும்

பெற்ற மகள் நான் கிண்ணத்தோடு பக்கத்தில் இருக்கிறேன். அம்மாவோ வாயை இறுக மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள். பன்னிரண்டரைக்கு மருமகள் வருவாளாம்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

பக்கவாதம் வந்த இரண்டு வருடமாக அம்மாவுக்குப் பேச்சில்லை. விழுங்குவதும் கஷ்டம். அண்ணன் லாரி டிரைவர், பாதி நாள் ரோட்டில். நானோ வெளியூரில்; இப்போதுதான் சில நாள் லீவில் வந்திருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் சரிபார்க்கும் அண்ணிதான், மதிய இடைவேளை அரை மணியில் ஓடிவந்து ஊட்டிவிட்டு ஓடுவாள்.

"என்ன அத்தை, மகளைப் பார்த்ததும் மருமகளை மறந்தாச்சா?" செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "எங்க சூப்பர்வைசர் இன்னைக்குச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கிட்டு, எங்களுக்குத் தையல் பாடம் எடுக்கிறார்!"

அம்மா கோணல் வாயால் சிரித்தாள். கரண்டி உள்ளே போனது. நன்றாகத்தான் காக்கா பிடிக்கிறாள் என்று கறுவிக்கொண்டேன். பத்து மாதம் சுமந்தவளை, கம்பெனிக் கதை சொல்லியே தட்டிப் பறித்துவிட்டாளே! கதை எனக்கும் தெரியாதா என்ன?

மறுநாள் அவள் வருவதற்கு முன்பே முந்திக்கொண்டேன். கெஞ்சியதில் அம்மா வாய் திறந்தாள். ஊட்டினேன். உடனே கதையை எடுத்துவிட்டேன்.

"உன் மாப்பிள்ளை சலூன்ல தூங்கிட்டாரும்மா. முழிச்சுப் பார்த்தா மீசையைக் காணோம். நான் கதவைத் திறந்து, யார் வேணும்னு கேட்டுட்டேன்!"

அம்மா குலுங்கிச் சிரித்தாள். வாயில் சோறு. அடுத்த நொடி மூச்சு அடைத்து, முகம் நீலம் பாரித்தது. நான் அலறினேன்.

செருப்புக் காலோடு பாய்ந்து வந்தாள் அண்ணி. அம்மாவை முன்னால் சாய்த்து, உள்ளங்கையால் முதுகில் ஓங்கித் தட்டினாள். அடைத்தது வெளியே விழுந்தது. மூச்சு வந்தது. எனக்கும்தான்.

"வாயில இருக்கும்போது சிரிக்க வெச்சீங்களா?"

"நீங்க மட்டும் வைக்கலையா?"

"தொண்டை ரெண்டு தடவை ஏறி இறங்கினப்புறம்தான் சிரிப்பு. அதுவரைக்கும் சப்புன்னு ஏதாவது பேசணும். அத்தை அவசரப்படாம இருக்கத்தான் கதையே. மூணு மாசம் பயந்து பயந்து கத்துக்கிட்டேன்." கிண்ணத்தை என் கையிலேயே திணித்தாள். "நீங்க ஊட்டுங்க. நான் பேசறேன்."

சற்று நேரம் கழித்து அம்மா வாய் திறந்தாள். அவள் தொண்டையில் விரல் வைத்தபடி ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தேன். கிண்ணம் காலியானதும் அண்ணி எழுந்தாள்.

"நீங்க சாப்பிடலையா, அண்ணி?"

"மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்குவேன். பழகிப்போச்சு."

இரண்டு வருடமாகவா? கிளம்பியவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நாளைக்கு உங்களுக்கும் தட்டு வெச்சிருப்பேன். நான் ஊட்டறேன். நீங்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே கதை சொல்லுங்க."

"அடேயப்பா, எனக்கும் விருந்தா? அத்தை, கேட்டீங்களா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. அவ்வளவும் அண்ணியைப் பார்த்துத்தான். அதில் பாதி எனக்குக் கிடைக்க, இன்னும் எத்தனை கரண்டி ஊட்ட வேண்டுமோ!