எண்ணெய் தின்னும் மண்

மகாதேவி அக்கா ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். போரில் மின்சாரம் நின்று ஆய்வுகூடமும் மூடப்பட்ட பிறகு சொந்த ஊரான சண்டிலிப்பாய்க்குத் திரும்பி வெங்காயம் நட்டார். தொண்ணூற்றொன்றில், சில வீட்டார் சேர்ந்து பாவித்த பங்குக் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்ற மின்மாற்றி ஷெல் பட்டு உடைந்தது. அதன் எண்ணெய் மண்ணில் ஊறியது.

சும்மா விட்டால் பல வருடங்கள் அழியாத எண்ணெய் அது. மாரிமழை அதைக் கிணற்றுக்குள் இறக்கிவிடும் என்று அக்கா பயந்தார். மண்ணை வெட்டி அகற்றலாம் என்றால் எங்கே கொட்டுவது? எங்கே கொட்டினாலும் பக்கத்தில் யாருடையதாவது ஒரு கிணறு இருக்கும்.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பழைய மின்மாற்றிகளின் அடியில் எண்ணெய் ஊறிய மண்ணில், அதையே உண்ணப் பழகிய பற்றீரியாக் கிருமிகள் இருக்கும். அவை சுரக்கும் நொதியங்கள் எண்ணெயைச் சிறிது சிறிதாக உடைக்கும். மானிப்பாய்ப் பக்கமிருந்து அப்படிப்பட்ட மண்ணைச் சைக்கிளில் கொண்டுவந்தார். எண்ணெய் ஊறிய இடத்தைக் குழியாக வெட்டி, வைக்கோலும் சாணமும் சேர்த்துக் கெட்டுப்போன மண்ணோடு கலந்தார். அது காயக்கூடாது. பங்குக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கவே அளவாக இருந்ததால், அடுத்த ஒழுங்கையில் இருந்த கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றி, மண்வெட்டியால் புரட்டுவார். ஆய்வுகூடத்தில் இதற்கெல்லாம் இயந்திரங்கள் இருந்தன. இங்கே அவருடைய முதுகுதான் இருந்தது.

புரட்டாதிக் கடைசியில் எண்ணெய் மணம் குறைந்து மண் மணம் வரத் தொடங்கியது. அன்று அக்கா கொஞ்சம் அயர்ந்து தூங்கினார்.

விடிந்து போய்ப் பார்த்தபோது மண் வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கனகசபாபதி அங்கே நின்றார். அவரும் கிணற்றுப் பங்காளி.

"சாணத்திலை இலையான் மொய்க்குது, தங்கச்சி. ஊரெல்லாம் வயித்தோட்டம். அதுதான் குளோரின் தூள் போட்டு நல்லாக் கிளறி விட்டனான்."

அக்கா மண்ணைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார்.

"கிருமியைக் கொல்லுற மருந்துதானே?" என்றார் கனகசபாபதி.

"ஓம் அண்ணை. அந்தக் கிருமிதான் இங்கை வேலை செய்தது."

"கிருமிக்கும் வேலையோ? எங்கடை பெடியளுக்கே வேலை இல்லை."

சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அக்கா கோபிக்கவில்லை. கோபிக்கவும் தெம்பு வேண்டும். குழியின் அடியில் வெள்ளை படாத மண்ணைத் தேடிச் சுரண்டிச் சட்டியில் சேர்த்தார். அதிலிருந்த கிருமி பெருகுவதற்கு முன்பே மழை பிடித்துவிட்டது.

மழை விட்ட காலையில் கனகசபாபதி கிணற்றுத் துலாவைப் பதித்துத் தண்ணீர் அள்ளினார். வாளித் தண்ணீரில் எண்ணெய் நிறம் நிறமாக மிதந்தது. அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு இனி யாரும் அள்ளாதபடி துலாக் கயிற்றை உயரத்தில் சுற்றிக் கட்டினார்.

"சட்டிக்கை இருக்கிறது உயிரோடையோ?"

"தெரியாது அண்ணை. தண்ணி ஊத்திப் பாக்கவேணும்."

கனகசபாபதி அக்காவின் குடத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்கு நடந்தார்.